மூன்று சூரியன் ஆட்டத்தில் என் அப்பா

சென்னையிலிருந்து வரும் அந்தக் கணினி மாத இதழை அதுவரை நான் கையால் தொட்டதில்லை. 2004-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, என் சித்தப்பா மகன் சுப்பிரமணி அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். என் முன்னால் விரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தான். பக்கத்தில் பாதியை ஒரு வண்ணப்படம் அடைத்திருந்தது. ஆறு கை, பச்சைத் தோல், மூன்று மடிப்பாகத் தொங்கும் தொந்தி. அந்தத் தொந்திக்கு மேலே, உருமால் கட்டி, மீசையை முறுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தது என் அப்பாவின் முகம்.

என் அப்பா வீராசாமி, உத்திரமேரூருக்குத் தெற்கே மூன்று மைலில் உள்ள எங்கள் கிராமத்துக்கு இருபத்தெட்டு வருஷம் முன்சீப்பாக இருந்தவர். 1949-ல் காஞ்சிபுரத்து ஸ்டூடியோவில் எடுத்த அவர் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பத்திரிகையில் இருந்தது அதே படத்து முகம். இடது புருவத்துத் தழும்பு கூட மாறவில்லை.

படத்தின் கீழே ஒரு கணினி விளையாட்டைப் பற்றிய விமர்சனம். விளையாட்டின் பெயர் ‘மூன்று சூரியன்’. அதைச் செய்த சென்னைக் கம்பெனியில் வேலை பார்ப்பவன் என் ஒரே மகன் சந்தோஷ். விமர்சனம் எழுதியவர் ஆட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார். “நான்காம் கட்டத்தில் வரும் நிழல் தண்டனைதான் உச்சம். இந்த வருஷம் நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அது” என்று முடித்திருந்தார். ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, என் மகன் சொன்னதாக இரண்டு வரி: “முகமும் தண்டனையும் என் தாத்தா, உத்திரமேரூர் வட்டம் வீராசாமி முன்சீப்புடையவை. நிஜமாகவே அவர் அப்படித்தான் தண்டிப்பாராம்.”

சுப்பிரமணி காஞ்சிபுரத்தில் சம்பந்தம் செய்தவன். அங்கே மாப்பிள்ளையின் தம்பி இந்த ஆட்டத்தை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஆடிக் காட்டியிருக்கிறான்.

“பெரியப்பா மூஞ்சில பலாப்பழத்த வுட்டு அடிக்கிறானுங்கண்ணே” என்றான் சுப்பிரமணி. “சம்பந்தி வூட்டு பொம்பளைங்க வாயப் பொத்திக்கினு சிரிக்கறாங்க. நான் அங்க காப்பி குடிச்சிக்கினு குந்திக்கினு இருக்கறேன்.”

அன்று சாயங்காலமே ஐந்து பங்காளி வீட்டுப் பெரியவர்களும் என் வீட்டில் கூடினார்கள். பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் அனுப்புவது என்று பேச்சு. சுப்பிரமணி எழுதியே கொண்டுவந்திருந்தான். எங்கள் குடும்பப் பெரியவர் ஏழை எளியவரிடம் இரக்கம் மிகுந்தவர், யாரையும் அவ்வாறு தண்டித்ததில்லை, அச்செய்தி எங்கள் பிள்ளை விளம்பரத்துக்காகக் கட்டிச் சொன்னது என்று இருந்தது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். மூத்தவனான நான் ஒன்று, சந்தோஷ் ஒன்று. சந்தோஷ் போட மறுத்தால் ஆடி மாதக் குலதெய்வப் பொங்கலுக்கு அவனை அழைப்பதில்லை, ஆவணியில் நிச்சயித்திருந்த அவன் கல்யாணத்துக்கு ஒரு பங்காளியும் வருவதில்லை என்றும் பேசி முடித்தார்கள். முடிக்கும்போது நானும்தான் தலையாட்டினேன். என் அப்பாவின் முகத்தைப் பச்சைத் தொந்தியின் மேல் வைத்தவன் என் மகனாகவே இருந்தாலும் மண்டியிட வேண்டும் என்பதுதான் அப்போது என் எண்ணம்.

ஆனால் கண்ணால் பார்க்காத ஒன்றை மறுத்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கு இல்லை. முப்பத்தைந்து வருஷம் பொதுப்பணித்துறையில் ஏரிப் பாசனப் பிரிவில் இருந்தேன். மதகு சரியாக இருக்கிறது என்று எழுதுவதற்கு முன்னால் மதகில் இறங்கிப் பார்த்தவன். ஆட்டத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தோஷ் வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பங்காளிகளில் வாய்த்துடுக்கு அதிகமான தேவராஜன், “பாரு பாரு. மீசை தனியா பறந்துக்கினு போயி கடிக்குதாம், அதையும் பாரு” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டத்தின் குறுந்தகட்டைச் சுப்பிரமணியே மாப்பிள்ளை வீட்டிலிருந்து வாங்கி வந்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் சாந்தினி என்ற பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். பரீட்சை முடிவு பார்க்கவும் வேலைக்கு மனு அனுப்பவும் வருகிற கூட்டம் பத்து மணிக்கு மேல்தான் வரும். நான் எட்டு மணிக்கே போய் நின்றேன்.

“பேரனுக்கா பெரியவரே?” என்று கேட்டாள்.

“எனக்குத்தான்.”

அவள் தகட்டைப் புரட்டிப் பார்த்தாள். “இது சுடற கேமு.”

“தெரியும்.”

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். “மவுஸ நவுத்தினா தல திரும்பும். இந்தாண்ட அமுக்கினா சுடும். செத்துட்டா பயப்படாதீங்க. திரும்ப உசுரு வந்துடும்.”

நான்கு நாள் காலையில் போய் ஆடினேன். முதல் நாள் முழுக்கச் சுவரையும் வானத்தையும்தான் சுட்டேன்.

ஆட்டத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அது கேவலமான ஆட்டமாக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அப்படி இல்லை. கதாநாயகன் ஒரு பஸ் கண்டக்டர். டிரிப் முடிந்து தூங்கிவிட்ட அவனைப் பஸ்ஸோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள், மூன்று சூரியன் உள்ள ஒரு கிரகத்துக்கு. அங்கே அவனுக்குக் கிடைக்கிற துப்பாக்கிகள் எல்லாம் அடுப்படிச் சாமான்கள். ஒன்று இட்லி மாவைப் பீய்ச்சும், மாவு பட்டவன் பொங்கி மேலே மிதந்து போவான். ஒன்று பலாப்பழம் வீசும், விழுந்த இடத்தில் வெடித்துச் சுளை சுளையாகப் பறக்கும். அந்த ஊர்ச் சிப்பாய்கள் செத்து விழுவதற்கு முன் சட்டைப்பையிலிருந்து விடுப்பு விண்ணப்பம் எடுத்து நீட்டுகிறார்கள். கண்டக்டர் விசில் ஊதினால் எதிரிகள் பழக்கதோஷத்தில் படிக்கட்டை விட்டு உள்ளே தள்ளி நிற்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்குச் சிரிப்பு வராமல் எப்படி இருக்கும்? இரண்டாம் நாள் நான் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன். சாந்தினி அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

குறை என்று சொன்னால், ஏணி ஏறுகிற இடங்கள் தலையைச் சுற்ற வைக்கின்றன. மூன்றாம் கட்டம் அநியாயத்துக்கு நீளம். அதைச் சாந்தினிதான் கடந்து கொடுத்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகை ஆட்டத்தில் ஆடுகிறவனின் முகமோ உடம்போ திரையில் தெரிவதில்லை. இரண்டு கை மட்டும் கீழேயிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால் அவை நம் கைகள் என்று ஆகிவிடுகிறது.

நான்காம் நாள் நான்காம் கட்டத்துக்கு வந்தேன். செத்த காவல்காரன் ஒருவனின் உடுப்பை மாட்டிக்கொண்டு கண்டக்டர் அரண்மனைக்குள் நுழைகிறான். அங்கேதான் ஆறுகை ராஜா. சிம்மாசனத்தில் என் அப்பா. நான் எழுந்து நிற்கவில்லை, ஆனால் முதுகு தானாக நிமிர்ந்தது. முகத்தில் கேலி எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன். கோமாளித்தனம் எல்லாம் கழுத்துக்குக் கீழேதான். மேலே இருந்தது கம்பீரம். என் மகன் அந்த முகத்தை வரைந்தபோது மனசில் மரியாதைதான் இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

ராஜா கண்டக்டரைக் காவல்காரன் என்று நினைத்து வேலை கொடுக்கிறார். முற்றத்தில் கைதிகள் நிற்கிறார்கள். அவரவர் நிழல் அவரவர் காலடிக்குள் வரும்வரை நிற்க வேண்டும். வந்ததும் அதை மிதித்துவிட்டுப் போகலாம். நிழல் வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது காவல்காரன் வேலை. வானத்தில் மூன்று சூரியன். ஒவ்வொருவனுக்கும் மூன்று நிழல். ஒன்று காலடிக்குள் வந்தால் மற்ற இரண்டும் வெளியே ஓடும். கைதிகளில் ஒருவன் அங்கேயே நின்று கல்யாணம் பண்ணிக் குழந்தை பெற்றிருக்கிறான். இன்னொருவன் நின்ற இடத்து விலாசத்தில் ரேஷன் கார்டு வாங்கியிருக்கிறான். ஒவ்வொருவனாக நம்மைப் பார்த்து “ஐயா, வந்துடுச்சா?” என்று கேட்பான். கீபோர்டில் உள்ள நீளப் பட்டனைத் தட்டினால் நம் கை ஒன்று மேலே எழுந்து ஆடும். “இன்னும் வரல” என்று குரல் கேட்கும்.

அந்தக் குரல் சந்தோஷுடையது. அவனே பேசிப் பதிந்திருக்கிறான்.

எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியவில்லை. தட்டினால்தான் ஆட்டம் நகரும். பின்னால் நின்ற சாந்தினி, “இது செம தமாசு பெரியவரே” என்று சிரித்தாள். நான் மவுஸை விட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டேன். கடைசிக் கட்டம் வரை போகவில்லை. ராஜாவை நான் சுடவில்லை.

இனி எழுதுவதை அதுவரை என் வீட்டில் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்பா அப்படித் தண்டித்தது உண்மை. வரப்பை உடைத்தவன், ஏரி மரத்தை வெட்டியவன், யாராக இருந்தாலும் காலையில் பிடித்து வந்தால் முற்றத்தில் நிறுத்துவார். “நெயல மிதிச்சிட்டு வந்து பேசு” என்பார். உச்சி வேளையில் நிழல் காலடிக்குள் வந்ததும் அதை மிதித்துவிட்டு ஓடிவந்து கும்பிடுவார்கள். இதைச் சந்தோஷ் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நான்தான் அவனுக்குச் சொன்னேன். ஒருவன் நிழல் வந்துவிட்டது என்று குதித்த குதியை நடித்தே காட்டினேன். அவன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிப்பான். என் மனைவி ஜெயமணியும் சிரிப்பாள். நான் சொன்னதெல்லாம் சித்திரை மாதத்துக் கதை. சித்திரையில் உச்சி வெயிலில் நிழல் காலடிக்குள் வரும்.

1955-ல் அது மார்கழி. எனக்குப் பத்தொன்பது வயது. இன்டர்மீடியட் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். ஏரிக்கரைக்கு அப்பால் இருந்த இருளர் குடிசைகளிலிருந்து ஒருவரைத் தலையாரி கூட்டிவந்தான். எலி வளை தோண்டியதில் எங்கள் வரப்பு சரிந்துவிட்டது என்று குற்றம். எலி பிடிக்கச் சொன்னதே எங்கள் ஆட்கள்தான். அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் ஜோலி, வண்டி பூட்டி நின்றது. வழக்கம்போல “நெயல மிதிச்சிட்டுப் போவச் சொல்லு” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறிவிட்டார்.

மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். உச்சிக்கு வராது. நடுப்பகலில் ஆளின் நிழல் முக்கால் ஆள் நீளத்துக்கு வடக்கே கிடக்கும். பிறகு கிழக்கே திரும்பி நீளும். இது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். நான் கூடத்தில் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுப்பகல் தாண்டியபோது அவர் ஒரே ஒரு தடவை பேசினார்.

“சாமி, நெயலு திரும்பிக்கினு போவுது.”

நான் முற்றத்தைப் பார்த்தேன். நிழலைப் பார்த்தேன். “இன்னும் வரல” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஐம்பது வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் உத்தரவை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்பேன். உண்மை அதுவல்ல. போகச் சொல்லியிருந்தால் அப்பா என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அன்று நான் அந்த வீட்டின் முன்சீப்பாக இருந்தேன், அவ்வளவுதான்.

நிழல் கிழக்கு மதிலைத் தொட்ட வேளையில் அவர் விழுந்தார். விழுந்தபோது வாயில் நுரை வந்தது. அவர் சம்சாரமும் இன்னொருவரும் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் அந்தக் குடிசை காலியாக இருந்தது. பக்கத்துக் குடிசைகள் இரண்டும் காலி. பழையசீவரம் பக்கம் பாலாற்றங்கரைக்குப் போய்விட்டார்கள் என்று தலையாரி சொன்னான். அந்த மனிதர் போகும்போது உயிரோடு இருந்தாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “அடடே, மார்கழிங்கறத மறந்துட்டனே” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் கதை எங்கள் வீட்டில் தங்கியது. மார்கழியை மட்டும் நான் எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தோஷ் காலை பஸ்ஸில் வந்தான். ஐந்து வீட்டுப் பெரியவர்களும் கூடத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டுவிடுவது என்றுதான் நான் இருந்தேன். இறந்து இருபது வருஷம் ஆனவரின் பெயர் ஒரு பக்கம். இருபத்தாறு வயதுப் பையன் ஒரு பொய்யன் பட்டம் சுமந்தால் நாலு மாதத்தில் மறந்துபோகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சந்தோஷ் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தான். முகத்தை மாற்றச் சொல்லிக் கம்பெனியில் பேசுவதாகவும், பெரியவர்கள் மனசு நொந்திருந்தால் எல்லோர் காலிலும் விழுவதாகவும் சொன்னான். ஆனால் கட்டிச் சொன்னேன் என்று எழுத மாட்டேன் என்றான்.

“ஏன்டா, தாத்தா பேர வித்துத் துன்றதுக்கு வெக்கமா இல்ல, இதுக்கு மட்டும் வெக்கமா கீதா?” என்றான் தேவராஜன்.

சந்தோஷ் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“நீதானே நைனா சொன்ன. அப்படி ஒண்ணும் சொல்லலன்னு இப்ப நீ சொல்லு. உடனே கையெழுத்துப் போட்டுடறேன்.”

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேனா என் கையில் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் போட்டிருப்பான். வாக்குத் தவறுகிறவன் இல்லை. என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. வாய் திறந்தபோது மார்கழி வந்தது. மேலே எழுதியிருப்பதை எல்லாம், அதே வரிசையில், ஒன்று விடாமல் சொன்னேன்.

முடித்தபோது சுப்பிரமணிதான் முதலில் பேசினான். குரலை இறக்கி, கெஞ்சுவது போல. “அண்ணே, இத்த இந்த நாலு செவுத்துக்குள்ளயே வுட்டுடலாம். லெட்டர் கூட வாணாம். பையன் போட வாணாம். நீ மட்டும் இத்த வெளிய சொல்லாத.”

எல்லோருக்கும் இலை போடச் சொல்லியிருந்தேன். சுப்பிரமணியிடம் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்று நான் சொன்னதும் ஒவ்வொருவராக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

சந்தோஷ் போகவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை என்று பேசியவன் நானாயிற்றே, பக்கத்தில் வந்து உட்காருவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முற்றத்து ஓரத்திலேயே நின்றான்.

“மூணு சூரியன் வெச்சா நெயலு வரவே வராதுன்னு யோசிச்சப்போ எங்க ஆபீசே சிரிச்சிது நைனா” என்றான். “நான்தான் அந்தக் குரலக் குடுத்தேன்.”

“கேட்டேன்.”

“அவரு பேரு இன்னா?”

எனக்குத் தெரியாது. அன்று தலையாரி பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அதைச் சொன்னபோதுதான் சந்தோஷின் முகம் மாறியது. சாப்பிடாமல் மதியப் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

மறுநாள் நான் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். என் மகன் சொன்னது உண்மை. அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று தொடங்கி, மார்கழியை எழுதினேன். அந்த மனிதரின் பெயர் வர வேண்டிய இடங்களில் எல்லாம் ‘ஒருவர்’ என்று எழுதினேன். என் முழுப்பெயரும் ஊரும் போட்டு உத்திரமேரூர் போஸ்ட் ஆபீசில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

ஆவணியில் வாலாஜாபாத்தில் கல்யாணம் நடந்தது. பங்காளிகள் என்று ஒதுக்கிய வரிசை காலியாக இருந்தது. பெண் வீட்டார் கேட்டபோது நானே காரணம் என்று சொன்னேன். சந்தோஷ் காலில் விழுந்தான், ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டான். அவசியமானதை மட்டும் பேசுகிறான். நான்காம் கட்டத்தை என்ன செய்தான் என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

புரட்டாசி இதழில் என் கடிதம் வந்தது. இடமின்மையால் சுருக்கியிருக்கிறார்கள். “நிழல் தண்டனை உண்மையே என்று முன்சீப்பின் மகன் திரு. தாண்டவராயன் உறுதி செய்கிறார். தாத்தா நிஜமாகவே கில்லாடிதான்” என்று இரண்டு வரி. பக்கத்தில் என் அப்பாவின் முகம், மீசை மட்டும் தனியாகப் பறக்கிற மாதிரி. அவர்கள் வெட்டிவிட்ட பாகம்தான் நான் மேலே எழுதியிருப்பது.